ராத்திரி இரண்டு மணிக்கு யார் பொறுப்பு?

செமஸ்டர் பரீட்சை, அதற்குப் பிறகு தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று அலைந்ததில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. மன்னிக்கவும். இன்றைய பதிவும் அந்த அலைச்சலில் பிறந்ததுதான். கொஞ்சம் நீளம். டீ எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

தாத்தாவுக்கு நிமோனியா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரி துணைக்கு நான். இரண்டாவது நாள் ராத்திரி இரண்டு மணி வாக்கில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நர்ஸ் அக்கா போன் செய்ததும் ஓடி வந்தவர், என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். பி.ஜி. படிக்கும் டாக்டர். ஆக்சிஜனைக் கூட்டினார், ஏதோ ஊசி போடச் சொன்னார், வராந்தாவுக்குப் போய் போனில் "சார்... தூக்கத்துல எழுப்பிட்டேன், சாரி சார்" என்று யாரிடமோ பேசினார். அரை மணி நேரத்தில் தாத்தா தேறிவிட்டார். காலை ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் பத்துப் பேர் புடைசூழ ரவுண்ட்ஸ் வந்தபோது, அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அதே சின்ன டாக்டர். அதே சட்டை. கண் இரண்டும் கோவைப்பழம்.

தாத்தா இப்போது வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டு நலமாக இருக்கிறார். எனக்குத்தான் ஒரு கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அந்த ராத்திரி ஏதாவது தப்பாகப் போயிருந்தால் யார் பதில் சொல்வது? அந்தச் சின்ன டாக்டரா, போனில் பேசிய சாரா, ரவுண்ட்ஸ் வந்த சீஃபா? அவரை எத்தனை மணி நேரம் விழித்திருக்க வைக்கலாம் என்று முடிவு செய்வது யார்?

பிகாம்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முதல் வருடத்தில் மேலாண்மைத் தத்துவம் என்று ஒரு பேப்பர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சு சுரங்க இன்ஜினியர் 1916-ல் எழுதிய 14 கொள்கைகள். ஒரு மாதிரி தாளம் போட்டு மனப்பாடம் செய்தோம். அதில் இரண்டாவது: அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே போக வேண்டும். அதிகாரம் ஒருவரிடமும் பொறுப்பு இன்னொருவரிடமும் இருந்தால் நிர்வாகம் விளங்காது. ஆஸ்பத்திரியில் இந்த இரண்டும் எப்படிப் பிரிந்தன, எப்படி மறுபடி சேர்ந்தன என்று தேடிப் படித்தபோது கிடைத்த கதைதான் இது. கதை நடப்பது அமெரிக்காவில். ஏனென்றால் ரெசிடென்ட் பயிற்சி என்பதற்கு அங்கே ஒரு தெளிவான ஆரம்பப் புள்ளி இருக்கிறது.

ரயில்வே பங்கும் ஒரு ஆஸ்பத்திரியும்

பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று ஒரு வியாபாரி இருந்தார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. 1873-ல் அவர் இறந்தபோது ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குமாக 70 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

பல்கலைக்கழகம் 1876-ல் தொடங்கியது. ஆஸ்பத்திரி 1889 மே மாதம் திறந்தது. ஆனால் மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் இல்லை! காரணம் நம் ஆட்களுக்குப் பிடித்த விஷயம். பல்கலைக்கழகத்தின் பங்குப் பணம் பெரும்பாலும் பால்டிமோர் - ஓஹையோ ரயில்வே பங்குகளில் கிடந்தது. 1880-களின் இறுதியில் அந்தக் கம்பெனி டிவிடெண்டை நிறுத்திவிட்டது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று நம் பேராசிரியர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்போது காப்பாற்ற வந்தவர் மேரி காரெட் என்ற பெண்மணி. அவருடைய அப்பா அதே ரயில்வேயின் தலைவராக இருந்தவர். தேவைப்பட்ட 5 லட்சம் டாலரில் 3 லட்சத்துக்கும் மேல் அவரே கொடுத்தார். ஆனால் நிபந்தனை போட்டார்: ஆண்களுக்கு என்ன விதியோ அதே விதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும், உள்ளே வருகிறவர்கள் ஏற்கனவே ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். கல்லூரி 1893-ல் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆஸ்பத்திரி முதலில், கல்லூரி நான்கு வருடம் கழித்து. அந்த நான்கு வருடமும் வார்டில் மாணவர்களே கிடையாது. வேலை பார்க்க இருந்தவர்கள், படித்து முடித்துவிட்டு மேலே கற்றுக்கொள்ள வந்த இளம் டாக்டர்கள் மட்டுமே. ரெசிடென்ட் முறை அங்கே வேரூன்றியதற்கு இந்தப் பணப் பிரச்சினையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்லர் போட்ட ஏற்பாடு

மருத்துவப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் வில்லியம் ஆஸ்லர். கனடாக்காரர். 1849-ல் பிறந்தவர். மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்திலும் பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்திவிட்டு, நாற்பது வயதுக்குள் இங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்துவிட்டார். (அவரை நியமித்தது 1888. நம் ஃபயோல் திவாலாகும் நிலையில் இருந்த ஒரு சுரங்கக் கம்பெனிக்கு நிர்வாக இயக்குநர் ஆனதும் அதே 1888. சும்மா ஒரு தகவலுக்கு.)

இங்கே ஒரு வார்த்தை விளக்கம். அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் என்று சொல்வது, கத்தி எடுக்காமல் பெரியவர்களின் நோய்களைப் பார்க்கும் துறை. நம் ஊர் ஆஸ்பத்திரி போர்டில் பொது மருத்துவம் என்று இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். நம் ஊரில் எம்.டி. பொது மருத்துவம் படிக்கும் பி.ஜி. டாக்டர் இருக்கும் இடத்தில், அங்கே ரெசிடென்ட்.

அதற்கு முன்பும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஹவுஸ் சர்ஜன் மாதிரி ஆட்கள் இருந்தார்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் இருந்துவிட்டுத் தனியாக கிளினிக் வைக்கப் போய்விடுவார்கள். ஆஸ்லர் ஜெர்மனியின் மருத்துவமனைகளைப் போய்ப் பார்த்தவர். அங்கே பேராசிரியருக்குக் கீழே உதவியாளர்கள் பல வருடம் தங்கி, படிப்படியாக மேலே வருவார்கள். அந்த ஏணியை அப்படியே பால்டிமோரில் கொண்டு வந்து நட்டார். அறுவை சிகிச்சைப் பிரிவில் வில்லியம் ஹால்ஸ்டெட் இதையே இன்னும் கறாராகச் செய்தார்.

ரெசிடென்ட் என்ற பெயருக்கு ஏற்ப அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும். தங்க இடம், சாப்பாடு உண்டு. சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. ஆஸ்லரின் முதல் ரெசிடென்ட் ஹென்றி லாஃப்ளர், அவரும் கனடாவிலிருந்து வந்தவர். அடுத்து வந்த வில்லியம் தேயர் 1891-லிருந்து 1898 வரை, ஏழு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஏழு வருடம்! நாம் பிகாம் இரண்டு தடவை படித்து முடித்துவிடலாம்.

அப்போது தலைமைக் குழு என்றால் இவ்வளவுதான்: மேலே ஆஸ்லர், அவருக்குக் கீழே ஒரே ஒரு தலைமை ரெசிடென்ட், அவருக்குக் கீழே சில உதவி டாக்டர்கள். பகலில் ஆஸ்லர் ரவுண்ட்ஸ் வருவார். கட்டிலருகே நின்று பாடம் நடத்துவார். லெக்சர் ஹாலில் உட்கார்ந்து மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு அது பெரிய மாற்றம். அவர் வீட்டுக்குப் போன பிறகு வார்டு தலைமை ரெசிடென்ட் கையில். புதிதாக வரும் நோயாளியைப் பார்ப்பது, உதவி டாக்டர்களை மேய்ப்பது, ராத்திரி முடிவு எடுப்பது எல்லாம் அவர்தான்.

ஃபயோல் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இது நன்றாகத்தான் இருக்கிறது. அதிகாரமும் பொறுப்பும் ஒரே கையில். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. ரெசிடென்டுக்கு நோயாளி மேல் பொறுப்பு இருந்தது. ரெசிடென்ட் மேல் யாருக்குப் பொறுப்பு? தலைவர் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆஸ்லர் நல்லவர், மாணவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பக்கத்துப் பிரிவின் ஹால்ஸ்டெட் மேதைதான். ஆனால் கோகைன் பரிசோதனையில் ஆரம்பித்து, பிறகு மார்ஃபீன் பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தவர். இது ஆஸ்லருக்குத் தெரியும். எழுதி மூடி வைத்துவிட்டுப் போனார். அவர் இறந்து ஐம்பது வருடம் கழித்து, 1969-ல்தான் அந்தக் குறிப்பு வெளியே வந்தது. தலைவரையே கேள்வி கேட்க ஆள் இல்லாத அமைப்பில், தலைவருக்குக் கீழே இருப்பவர்கள் யாரிடம் போவார்கள்?

படத்தில் இல்லாதவர்கள்

ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த ஒரு புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது. ஹாப்கின்ஸின் நான்கு டாக்டர்கள்: வெல்ச், ஹால்ஸ்டெட், ஆஸ்லர், கெல்லி. 1906-ல் முடிந்தது. வரையச் சொன்னவர் அதே மேரி காரெட். கறுப்பு அங்கியில் நான்கு பேர், பின்னால் பிரம்மாண்டமான ஒரு பூகோள உருண்டை. ஒரு நிறுவனத்தின் தலைமைக் குழு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

அதில் ஒரு ரெசிடென்ட் கூட இல்லை. ராத்திரி வார்டை யார் பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் எந்தத் தடயமும் இல்லை.

காரெட் போராடி வாங்கிய பெண்களின் இடமும் படத்தில் இல்லை. 1900-ல் பட்டம் வாங்கிய டாரதி ரீட், ஃப்ளோரன்ஸ் சபின் இருவரும் ஆஸ்லரின் பிரிவில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார்கள். ஹாட்ஜ்கின் என்ற புற்றுநோயை அடையாளம் காட்டும் செல்லை 1902-ல் விவரித்தவர் அந்த ரீட். அந்த செல்லுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் அங்கே மேலே போக வழியில்லை என்று தெரிந்து அதே 1902-ல் கிளம்பிவிட்டார். சபின் இருந்து போராடி 1917-ல் அங்கே முழுப் பேராசிரியர் ஆன முதல் பெண் ஆனார். கல்லூரியின் கதவைத் திறக்கச் செய்ய ஒரு செக் போதும். ஏணியின் மேல்படிக்கு ஏற அது போதாது போல.

சீஃப் மெல்ல விலகினார்

ஆஸ்லர் 1905-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் லூயலிஸ் பார்க்கர். 1913-ல் ராக்ஃபெல்லர் பணம் வந்தது, ஒரு நிபந்தனையோடு: துறைத் தலைவர் தனியார் பிராக்டீஸில் சம்பாதிக்கக் கூடாது, முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும். ஆஸ்லர் அங்கிருந்தபடியே இதை எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தார். பார்க்கர் அந்தப் பதவியை ஏற்கவில்லை. ஏற்று வந்த தியோடர் ஜேன்வே 1917-ல் விலக முடிவெடுத்தார். அந்தச் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை என்பது ஒரு காரணம். அந்த வருட இறுதியிலேயே நிமோனியாவில் இறந்தும் போனார்.

சண்டை சம்பளத்தைப் பற்றித்தான். ஆனால் விளைவு வேறு இடத்தில் தெரிந்தது. முழுநேரப் பேராசிரியரின் நேரம் மெல்ல மெல்ல ஆராய்ச்சிக்கும், நிதி திரட்டலுக்கும், கமிட்டிகளுக்கும் போக ஆரம்பித்தது. 1910-ல் வெளிவந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை ஹாப்கின்ஸை முன்மாதிரியாகக் காட்டியிருந்ததால் மற்ற ஊர்களும் இதையே பின்பற்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு முழுவதும் ரெசிடென்ட் இடங்கள் பல மடங்கு பெருகின. ஒரு சீஃப், ஒரு தலைமை ரெசிடென்ட், சில உதவியாளர்கள் என்று இருந்த இடத்தில் ஐம்பது பேர், நூறு பேர்.

1936-ல் பொது மருத்துவத்துக்கு என்று அமெரிக்க வாரியம் ஒன்று உருவானது. பயிற்சி முடித்தவர்கள் அதன் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 1981-ல் பயிற்சித் திட்டங்களை அங்கீகரிக்க ஒரு தேசியக் கவுன்சில் வந்தது. எங்கள் பிரிவுக்கு சீஃப் இருக்கிறார் என்று சொன்னால் மட்டும் போதாது, பயிற்சிக்கு என்று தனியாகப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்று ஆனது. அவர்தான் பயிற்சி இயக்குநர். இப்படித்தான் ஆஸ்லர் என்ற ஒரு மனிதர் செய்த வேலை மூன்றாகப் பிரிந்தது. துறைத் தலைவர், பயிற்சி இயக்குநர், தலைமை ரெசிடென்ட்.

இந்த மூவரில் எனக்கு மிகவும் பாவமாகத் தெரிவது தலைமை ரெசிடென்ட். அமெரிக்காவில் பொது மருத்துவப் பயிற்சி மூன்று வருடம். பெரும்பாலான இடங்களில் அதை முடித்த ஒருவரை இன்னும் ஒரு வருடம் தலைமை ரெசிடென்டாக வைத்துக்கொள்வார்கள். டியூட்டி சார்ட் போடுவது அவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் மாற்று ஆள் தேடுவது அவர். காலையில் கேஸ் விவாதம் நடத்துவது அவர். கீழே இருப்பவர்கள் அவரிடம் அழுவார்கள், மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள். சார்ட் போடலாம், ஆனால் இன்னும் பத்து டாக்டர் வேண்டும் என்று முடிவெடுக்க முடியாது. பொறுப்பு ஒரு மூட்டை, அதிகாரம் ஒரு பிடி. ஃபயோல் பார்த்தால் கோபப்படுவார்.

ஹாப்கின்ஸ் இதற்கு ஒரு வழி செய்தது. 1970-களில், விக்டர் மெக்குசிக் தலைவராக இருந்தபோது, மருத்துவப் பிரிவை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். பழைய தலைவர்களின் பெயர்களையே வைத்தார்கள்: பார்க்கர், ஜேன்வே, லாங்கோப், தேயர். (ஆம், அந்த ஏழு வருட தேயர்தான். பின்னாளில் அவரும் துறைத் தலைவரானார்.) ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு உதவித் தலைவர். பெரிய கூட்டத்தை ஒருவர் மேய்க்க முடியாது, சின்னக் குழுவாக்கினால் ஒவ்வொருவரின் முகமும் தெரியும் என்ற எளிய கணக்கு.

1984, ஒரு மார்ச் மாத ராத்திரி

ஏணி எவ்வளவு நீளமாக இருந்தாலும், ராத்திரியில் அதன் மேல்படிகள் காலியாகத்தான் இருந்தன. அது ஒரு மரணத்தில் வெளியே வந்தது.

1984 மார்ச் 4 இரவு, லிபி சியோன் என்ற 18 வயது மாணவியைக் காய்ச்சலும் பதற்றமுமாக நியூயார்க் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். பார்த்துக்கொண்டவர்கள் ஒரு ஹவுஸ் சர்ஜனும் ஒரு ஜூனியர் ரெசிடென்டும். மூத்த டாக்டரிடம் போனில் பேசினார்கள். அவள் ஏற்கனவே மன அழுத்தத்துக்கு ஃபெனல்சின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தாள். உடல் நடுக்கத்தை அடக்க பெத்தடின் ஊசி போட்டார்கள். இவை இரண்டும் சேரக் கூடாத மருந்துகள். அவளைப் பார்த்துக்கொண்ட ஹவுஸ் சர்ஜனுக்கு அதே நேரத்தில் வேறு பல நோயாளிகளின் பொறுப்பும் இருந்தது. காலைக்குள் காய்ச்சல் எகிறி, அந்தப் பெண் இறந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா சிட்னி சியோன் பத்திரிகையாளர், வக்கீலும் கூட. விடவில்லை. 1986-ல் கிராண்ட் ஜூரி டாக்டர்கள் மேல் குற்ற வழக்குப் போட மறுத்தது. ஆனால் தூக்கமில்லாத, மேற்பார்வை இல்லாத இளம் டாக்டர்களை நம்பி ஓடும் அமைப்பைக் கண்டித்தது. பெர்ட்ரண்ட் பெல் என்ற டாக்டரின் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் பரிந்துரைப்படி 1989-ல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டு வந்தது: வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் இல்லை, மூத்த டாக்டரின் மேற்பார்வை ராத்திரியிலும் இருக்க வேண்டும். ஆஸ்லரின் ஆஸ்பத்திரி திறந்து சரியாக நூறு வருடம்.

இதில் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது 80 மணி நேரத்தை. பெல்லோ, மணிக் கணக்கைவிட மேற்பார்வைதான் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. விழித்திருப்பவருக்குப் பின்னால் விழித்திருப்பது யார் என்பதுதான் அந்த ராத்திரியின் கேள்வி.

ரெசிடென்ட்கள் இதற்கு முன்பே சொல்லாமல் இல்லை. 1975-லேயே நியூயார்க்கில் வேலை நேரத்துக்காக ஸ்டிரைக் செய்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் வர ஒரு மரணமும், விடாத ஒரு அப்பாவும் தேவைப்பட்டது.

2003: தொடங்கிய இடத்திலேயே

2003 ஜூலையில் தேசியக் கவுன்சில் 80 மணி நேர விதியை நாடு முழுவதற்கும் கொண்டு வந்தது. அடுத்த மாதமே ஒரு செய்தி வந்து மருத்துவ உலகத்தை உலுக்கியது. விதியை மீறியதற்காக ஒரு பொது மருத்துவப் பயிற்சித் திட்டத்தின் அங்கீகாரம் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார்கள். எந்த ஆஸ்பத்திரி தெரியுமா?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ். ஆஸ்லரின் பெயரையே தாங்கிய பயிற்சித் திட்டம்.

தொடக்கம், முதல் வருடப் பயிற்சி டாக்டர் ஒருவர் கொடுத்த புகார். இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் பயிற்சி முடித்தால் வாரியப் பரீட்சைக்குத் தகுதி கிடைக்காது. அதாவது புகார் ஜெயித்தால், தண்டனை புகார் கொடுத்தவர் தலையிலும் அவருடைய நண்பர்கள் தலையிலும் விழும். கம்பெனியின் கணக்கு ஊழலை வெளியே சொல்லும் ஊழியருக்கும் இதே கதிதான். கம்பெனி மூழ்கினால் அவருடைய வேலையும் போச்சு. இப்படி ஒரு ஏற்பாட்டில் புகார் வருவதே அதிசயம். வராததை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பது முட்டாள்தனம்.

ஹாப்கின்ஸ் அவசர அவசரமாக டியூட்டி சார்ட்டை மாற்றியது. சில மாதங்களுக்குள் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. யாருடைய படிப்பும் பாழாகவில்லை. ஆனால் நூறு வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒன்று (எங்கள் ரெசிடென்ட்கள் இங்கேயே வாழ்கிறார்கள்) குற்றப் பத்திரிகையாக மாறியிருந்தது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம், அதனால்தான் நல்ல டாக்டர் ஆனோம் என்று உண்மையாகவே நம்பியிருப்பார்கள். தான் பட்ட கஷ்டத்தைப் பாடத்திட்டம் என்று நினைப்பது மனித இயல்பு. நம் காலேஜ் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள் :-)

இரண்டு நாற்காலி, இரண்டு பதில்

அதற்குப் பிறகும் விதி ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2011-ல் முதல் வருடத்தவர்களுக்குத் தொடர்ச்சியாக 16 மணி நேரம் என்று குறைத்தார்கள். நோயாளியை அடிக்கடி கை மாற்றிவிடுவதால் தகவல் விட்டுப்போகிறது என்று இன்னொரு தரப்பு. எது சரி என்று பார்க்க 63 பொது மருத்துவப் பயிற்சித் திட்டங்களை வைத்து 2015-16-ல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நடத்தியவர்களில் ஹாப்கின்ஸும் பென்சில்வேனியாவும் முக்கியமானவர்கள். இரண்டும் ஆஸ்லர் வேலை பார்த்த இடங்கள்!

நோயாளிகளின் இறப்பு விகிதத்தைப் பொறுத்தவரை, நேரத்தைத் தளர்த்திய இடங்கள் கறாரான இடங்களைவிட மோசமாக இல்லை. 2017-ல் முதல் வருடத்தவர்களுக்கும் மறுபடி 24 மணி நேரம் அனுமதித்தார்கள். வாரத்துக்கு 80 என்பது மட்டும் மாறவில்லை.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. தளர்த்திய முறையில் இருந்த முதல் வருட டாக்டர்கள் தங்கள் படிப்பிலும் உடல் மன நலத்திலும் அதிக அதிருப்தி தெரிவித்தார்கள். அதே முறையில் இருந்த பயிற்சி இயக்குநர்கள் அதிகத் திருப்தி தெரிவித்தார்கள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சார்ட், ஒரே ராத்திரி. உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் வேறு.

அதனால்தான் இன்று ஒரே தலைவரை நம்பாமல் ஒரு குழு. பயிற்சி இயக்குநர், அவருக்கு இணை இயக்குநர்கள், தலைமை ரெசிடென்ட்கள், கணக்கு வழக்கையும் காகிதத்தையும் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர். (கடைசி வேலைக்கு டாக்டர் பட்டம் வேண்டாம். பிகாம் மக்களே, கவனிக்க!) 2013-லிருந்து பொது மருத்துவத்தில் ரெசிடென்டின் முன்னேற்றத்தை ஒரு தனிக் குழுவும் உட்கார்ந்து மதிப்பிடுகிறது. ஆஸ்லர் ஒருவரே மனசுக்குள் போட்ட மார்க்கை இன்று பல பேர் சேர்ந்து போடுகிறார்கள்.

இதிலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. இவர் தேறிவிட்டார் என்று வாரியத்துக்குச் சொல்ல வேண்டியவர் பயிற்சி இயக்குநர். களைத்துப்போய் உதவி கேட்டு ரெசிடென்ட் போக வேண்டிய இடமும் அவர்தான். தீர்ப்பு சொல்பவரிடமே போய் அழுவது எப்படி? அந்த இடைவெளியை நிரப்பத்தான் நடுவில் தலைமை ரெசிடென்ட், அவர் வயதுக்காரர், போன வருடம் வரை அதே சார்ட்டில் பெயர் இருந்தவர். ஆரம்பத்தில் அவரைப் பாவம் என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அவர் இருப்பதே அதற்காகத்தான் என்று தோன்றுகிறது. அதிகாரம் குறைவு என்பதால்தான் அவரிடம் உண்மையைச் சொல்ல முடிகிறது. ஃபயோலின் இரண்டாவது கொள்கைக்கு இப்படி ஒரு விதிவிலக்கு இருக்கலாம் என்று எங்கள் மேடத்திடம் சொல்லிப் பார்க்க வேண்டும். மார்க் குறையாமல் இருந்தால் சரி.

தாத்தா டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்தச் சின்ன டாக்டரைத் தேடிப் போனேன். நன்றி சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி போன்ல யார் சார்?" என்று கேட்டேன். சிரித்தார். "எங்க சீனியர். திட்டவே மாட்டார். அதனாலதான் தைரியமா எழுப்பினேன்" என்றார்.

நூற்று முப்பது வருடத்துக் கதையைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எழுப்பினால் திட்டாத ஒருவர். தாத்தாவுக்கு அன்று ஊசி போட்டது மட்டும் காப்பாற்றவில்லை, அந்த போன் காலும்தான்.

மருத்துவம் படிக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் யாரை எழுப்புவீர்கள், எழுப்பத் தயங்குவீர்களா என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். தகவல் பிழை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.